முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஓர் ஆல்பம்

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது குத்தாலம். தேவாரத்தில் இந்தத் தலத்துக்குத் திருத்துருத்தி என்று பெயர். ஊரை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் நாகஸ்வரத்தின் முழு வாழ்க்கையும் கண்ணில் பட்டுவிடும். மேற்கே திருவாவடுதுறையில், நாகஸ்வரத்தில் பொருத்தி ஊதும் சீவாளியைக் கட்டுகிறார்கள். அதை ஒட்டிய நரசிங்கன்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறார்கள். தெற்கே திருவீழிமிழலை, அந்த ஊர்ச் சகோதரர்கள் சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் கீர்த்தனை வாசிப்பில் பாடாந்தர சுத்தத்துக்குப் பேர் போனவர்கள். கிழக்கே மயிலாடுதுறையைத் தாண்டினால் செம்பனார்கோயில். ரக்தி மேளம் என்றாலே அந்த ஊர்தான்.

இந்த வட்டத்துக்குள் ஒரு வித்வான் தன் சொந்தச் செலவில் ஆல்பம் பதிகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் புறப்பட்டேன். சினிமாவுக்கு வெளியே, கம்பெனி தயவில்லாமல், தானே பாட்டு அமைத்துத் தானே பதிந்து வெளியிடும் இளைஞர்களைச் சுயாதீன இசைக் கலைஞர்கள் என்று இப்போது கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியவர்கள்தான். அதே வேலையைச் செய்கிற டெல்டாவின் மேளக்காரர்களை மட்டும் அந்தப் பட்டியலில் நாம் சேர்ப்பதில்லை.

வித்வானுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஓட்டு வீடு. திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். அது புரட்டாசி. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கல்யாணம் இல்லாத மாதங்கள். மேளக்காரர் வீட்டில் கையில் காசு இருக்காது. நேரம் மட்டும் நிறைய இருக்கும்.

“எங்க தாத்தாவுக்குக் கோயில் மானியம் இருந்துச்சு தம்பி. நிலத்துல நெல்லு வரும், சந்நிதியில வாசிப்பார். அப்பா காலத்துல நிலம் போயிட்டு, சம்பளம்னு ஏதோ வந்துச்சு. என் காலத்துல அதுவும் இல்ல. முகூர்த்தத்தை நம்பித்தான் பொழைப்பு. நீங்க சொல்றீங்களே சுயாதீனம், அது நாங்க கேட்டு வாங்கினது இல்ல. ஒவ்வொருத்தரா கையை விட்டுட்டாங்க, நாங்க தனியா நின்னோம்” என்றார்.

அவர் சொன்னதற்குச் சாட்சி பல கோயில்களில் இருக்கிறது. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடித்துக்கொள்ளும் மோட்டார் மேளம். மேளக்காரர் பணியிடம் காலியாகவே கிடக்க, அந்த இயந்திரம் காலையும் மாலையும் தவறாமல் வேலை பார்க்கிறது.

சரி, கல்யாணத்தில் என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். ராகம் ஆரம்பித்து நாலைந்து நிமிஷம் போவதற்குள் ஐயர் விரலை ஆட்டுவார், கெட்டிமேளம் அடிக்க வேண்டும். பிறகு மாலை மாற்றல், பிறகு போட்டோ. மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வந்துவிட்டது. ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக். இவர்களிடம் எதிர்பார்ப்பது சரியான நேரத்தில் பலமான சத்தம். “பைரவியை எங்க வாத்தியார் எனக்கு ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தார் தம்பி. அதை நான் எங்க போய் வாசிக்கிறது?”

ஆல்பத்துக்குக் காரணம் இந்தக் கேள்விதான். தனக்குத் தெரிந்ததை முழுசாக வாசிக்க இடமில்லாமல் போன ஒருவர், அந்த இடத்தைத் தானே உண்டாக்கப் பார்க்கிறார்.

ஆல்பத்தின் அமைப்பை அவர் யாரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை. ஒரு ராத்திரி சுவாமி புறப்பாடு எப்படி நடக்குமோ அந்த வரிசையில் வைத்திருக்கிறார். சுவாமி கிளம்பும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. வீதியில் இறங்கியதும் ஒரு ராகம் எடுத்து விரிவாக ஆலாபனை. அடுத்து ரக்தி, அதற்குப் பின் பல்லவி. சுவாமி உள்ளே வந்து பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி. முன்பெல்லாம் நாலு வீதி சுற்றி வர விடியற்காலை ஆகிவிடும். மூலைக்கு மூலை சுவாமியை நிறுத்தி வைத்து ஊரே உட்கார்ந்து கேட்கும். இப்போது டிராக்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்து நடையைச் சாத்துகிறார்கள். ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் மல்லாரியை இரண்டு காலம் வாசிக்க முடிந்தாலே பெரிது. புறப்பாட்டில் வாசிக்க முடியாமல் போன புறப்பாட்டு இசைதான் இந்த ஆல்பம்.

ஒலிப்பதிவுக்கும் நாகஸ்வரத்துக்கும் உள்ள உறவு இந்த வட்டாரத்தில் புதிதல்ல. திருமருகலில் 1898இல் பிறந்து, திருவாவடுதுறை ஆதீன வித்வானாக இருந்து, 1956இல் மறைந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்காத பழைய தலைமுறை வீடு குறைவு. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடக் கொள்ளும். வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசித்தவர் அதை அந்த அளவுக்குள் வைத்துக் கொடுத்தார். நின்றும் நடந்தும் வாசித்துவந்த வாத்தியத்துக்கு மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதையை வற்புறுத்தி வாங்கியவரும் அவர்தான். 1947 ஆகஸ்ட் 14ஆம் தேதி ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் செங்கோல் கொடுக்கப்பட்டபோது தில்லியில் ஒலித்தது அவருடைய நாகஸ்வரம். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1940இல், ‘காளமேகம்’ என்ற சினிமாவில் கதாநாயகனாகவும் நடித்திருந்தார். கோயில், தட்டு, ரேடியோ, சினிமா என்று எந்த வாசல் திறந்தாலும் தன் நிபந்தனையோடு உள்ளே போனவர் அவர். டெல்டாவின் முதல் சுயாதீனக் கலைஞர் என்று அவரைத்தான் சொல்வேன்.

“அண்ணாவுக்கு மூணு நிமிஷம்தான் கொடுத்தாங்க, தோடி முழுசும் அதுக்குள்ள இருக்கு. எனக்கு இப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் கிடைக்குது, கேக்கறதுக்குத்தான் ஆள் தேடணும்” என்றார் வித்வான். ராஜரத்தினம் பிள்ளையை நேரில் பார்க்காத தலைமுறையில் பிறந்தவர், அவரை அண்ணா என்றுதான் சொல்கிறார்.

மறுநாள் காலை நரசிங்கன்பேட்டைக்கு என்னை அழைத்துப் போனார். முன்பு புழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி உச்சமாக இருக்கும். ராஜரத்தினம் பிள்ளை சுருதி இறங்கிய, நீளமான பாரி நாயனத்தைக் கேட்டார். சுத்த மத்தியமம் தானாகச் சரியாகப் பேச வேண்டும் என்றார். அதை இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தார். இன்று மேடையில் நாம் கேட்கும் நாகஸ்வரம் அந்த இருவரின் கூட்டு வேலை. நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறையில் ஒரு ஆசாரி ஆச்சா மரத் துண்டைக் கடைசலில் ஏற்றியிருந்தார். புது மரம் ஆகாது. ஈரம் முழுக்கப் போய், பல வருஷம் வீட்டுக் கூரையில் வெயிலும் மழையும் தாங்கின உத்திரமும் தூணும்தான் வேண்டும். “எங்கயாவது பழைய வீடு இடிக்கிறாங்கன்னு சேதி வந்தா, சோறு சாப்பிடாம ஓடுவோம் சார். இப்ப காங்கிரீட் வீட்டை இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுல எனக்கு என்ன கிடைக்கும்?” என்றார். நாயனத்தின் மர உடலான உலவில் விரல் வைக்கும் துளை ஏழு, சுருதியைச் சரிசெய்யப் பக்கவாட்டிலும் கீழேயுமாக மற்ற துளைகள். துளையைப் பெரிதாக்க ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டால் திருப்ப முடியாது. இழுப்பார், சீவாளி மாட்டி ஊதிப் பார்ப்பார், கண்ணை மூடிக் கேட்பார், மறுபடி இழுப்பார்.

அங்கிருந்து சீவாளி கட்டுகிறவர் வீட்டுக்குப் போனோம். ஆல்பத்துக்கென்று தனியாகச் சீவாளி சொல்லி வைத்திருந்தார் வித்வான். ஆற்றங்கரையில் விளைகிற கொறுக்கைத் தட்டையை வெட்டி, நாள்பட உலரப் போட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, பதப்படுத்தி, தட்டையாக விரித்து, அடியில் நூலைச் சுற்றி இறுக்குகிறார்கள். கட்டி முடித்த பிறகுதான் நிஜமான வேலை. ஒரு சின்னக் கத்தியால் உதட்டில் படும் ஓரத்தைச் சுரண்டுகிறார். சுரண்டிய தூள் வேட்டியில் மாவு போல உதிர்கிறது. வாயில் வைத்து உறிஞ்சி ஈரமாக்கி ஊதுகிறார். நாயனம் இல்லாமல் வெறும் சீவாளி கத்துகிற சத்தம், கேட்டால் நமக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் ஒன்றை எடுத்து இடப்பக்கம் வைத்தார், ஒன்றை வலப்பக்கம் வைத்தார்.

“இந்தப் பக்கம் இருக்கறது தெருவுக்கு. கெட்டி. நாலு வீதி ஊதினாலும் தளராது. மைக்குக்குன்னா அது ஆகாது, பிசிறு அப்படியே விழும். அதான் ஐயாவுக்கு இந்தப் பக்கத்துல ரெண்டு வெச்சிருக்கேன்.”

வித்வான் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு, தெருவுக்கென்று வைத்ததிலிருந்தும் ஒன்றை எடுத்தார். ஏன் என்றேன். “மல்லாரி தெருவுல பொறந்தது. அதை மைக்குக்காக மெலிசா வாசிக்க முடியாது. மைக்கைத் தள்ளி வெச்சுக்க வேண்டியதுதான்.”

மைக்கைத் தள்ளி வைக்கும் பொறுப்பு அவருடைய அக்கா மகனுடையது. தவில் வாசிக்கிறார், பாலிடெக்னிக் படித்துவிட்டு, ஒலிப்பதிவை யூடியூபில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். இரண்டு மைக், கையடக்க ரெக்கார்டர், பழைய லேப்டாப், இவ்வளவுதான் ஸ்டுடியோ. முதலில் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் பதிந்து பார்த்திருக்கிறார்கள். சுவரெல்லாம் மெத்தை வைத்த சின்ன அறை. நாகஸ்வரம் அதில் மூச்சுத் திணறியது. தவிலின் வலந்தலை அடி ஒவ்வொன்றும் காதில் அறைந்தது. “திறந்தவெளிக்குச் செஞ்ச வாத்தியம் சார். தூரத்துல நின்னு கேட்டாத்தான் அதுக்கு அழகு. மைக்கும் நம்ம காது மாதிரிதானே, வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சா அதுக்கு என்ன தெரியும்?”

அதனால் பூட்டிக் கிடந்த ஒரு பழைய சத்திரத்தைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். உயரமான மெட்ராஸ் ஒட்டுக் கூரை, நடுவில் முற்றம். மைக்கை நாயனத்தின் அடிவாயான அணசுக்கு நேராக வைக்கவில்லை. சத்தம் அடியிலிருந்து மட்டும் வருவதில்லை. விரல் துளைகளிலிருந்தும்தான் வருகிறது. எனவே எட்டடி தள்ளி, நாயனத்தின் பாதி உயரத்துக்கு நிறுத்தினார். தவில் இரண்டும் அதற்கும் பின்னால், முற்றத்தின் இரு மூலைகளில்.

பகலில் பதிய வழியில்லை. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயலில் அறுவடை இயந்திரம் ஓய்வதில்லை. சாயங்காலம் பெருமாள் கோயில் ஒலிபெருக்கி. இரவு பதினோரு மணிக்கு மேல் ஊர் அடங்கிய பிறகு ஆரம்பித்தார்கள்.

சுருதிக்காக ஒத்து ஊத ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார்கள். ஒத்து ஊதுவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. எல்லாச் செட்டிலும் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. இங்கேயும் பெட்டி இருந்தது. ஆனால் வித்வான் வேண்டாம் என்றார். “பெட்டி அது பாட்டுக்குப் போகும். பெரியப்பா என் மூச்சைக் கேட்டுக்கிட்டு ஊதுவாரு.”

மல்லாரி முதல் வாசிப்பிலேயே சரியாக அமைந்தது. பைரவிதான் சோதித்தது. பதினைந்து நிமிஷம் போல வாசித்தபோது சீவாளி ஊறித் தளர்ந்துவிட்டது. மேல் ஸ்தாயியில் பிடி நிற்கவில்லை. நிறுத்தினார். கெண்டையில் தொங்கிய அடுத்த சீவாளியை எடுத்து வாயில் வைத்து ஈரப்படுத்தத் தொடங்கினார். அக்கா மகன் எழுந்து வந்து, “முதல் பாதி நல்லா இருக்கு மாமா. மேல்ஸ்தாயி மட்டும் வாசிங்க, ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது” என்றார்.

“ஒட்டலாம்டா. அந்த நிஷாதத்துக்கு நான் எந்த வழியா போனேன்னு எனக்கே தெரியாம போயிடும். முதல்லேருந்து வாசிக்கிறேன்.”

மறுபடி ஆரம்பித்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பைரவியில் தைவதம் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த ராகத்தின் ஏக்கமெல்லாம் இருக்கிறது. அவர் இறங்கும் தைவதத்தில் வந்து நின்று, அதை அசைத்து, மறுபடி மேலே போகாமல் பஞ்சமத்துக்கு விட்டார். அதையே இன்னும் நீளமாக ஒரு தடவை. மேல் ஷட்ஜத்தைத் தொடுவார் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் எல்லாம் தொடவில்லை. கடைசியில் ஒரே மூச்சில் ஏறிப் போய் நின்றபோது, மூலையில் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தவில்காரர் இருவரும் ஒருசேர ஆமென்று தலையை ஆட்டினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். ஐந்து நிமிஷத்தில் விரலை ஆட்ட அங்கே யாரும் இல்லை. முற்றத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் தவளைகள் கத்தியது பதிவில் கேட்கிறது. எடுத்துவிட வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர்களும் அந்த யோசனையில்தான் இருந்தார்கள்.

குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இன்னொரு கலைஞரையும் சந்தித்தேன். சீர்காழி அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரம் படித்த இளம்பெண். குடும்பத்தில் யாரும் மேளக்காரர் இல்லை. அவர் வெளியிடுவதெல்லாம் ஒரு நிமிஷக் காணொளிகள், பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அதைப் பார்த்துத்தான் கோயில் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் அழைக்கிறார்களாம். “பாட்டு கேக்க வர்றவங்கள்ல பத்துப் பேர் நின்னு ஒரு மல்லாரியையும் கேட்டா போதும்னு என் தங்கச்சிகிட்ட சொல்லுவேன் சார்” என்று சிரித்தார். வாரத்துக்கு ஒரு தடவை, எத்தனை பேர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மல்லாரியோ ஒரு கீர்த்தனையோ போட்டுவிடுகிறார்.

வித்வானிடம் இதைச் சொன்னேன். சினிமாப் பாட்டு என்றதும் முகம் சுளிப்பார் என்று நினைப்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது: “காருகுறிச்சியார் ‘கொஞ்சும் சலங்கை’யில வாசிச்சாரே, 1962ல. டீக்கடையில எல்லாம் நாயனம் கேட்டுச்சு. அவர் அண்ணாகிட்ட இருந்தவருதானே. அந்தப் பொண்ணு பண்றது சரி. எல்லாரும் ஒரே வாசல் வழியா வரணும்னு என்ன இருக்கு?”

வெளியிடுவதிலும் தொல்லை உண்டு. அந்தப் பெண் போட்ட ஒரு தியாகராஜர் கீர்த்தனைக்கு ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து, வருமானம் நின்றது. தியாகராஜர் 1847இல் சித்தி அடைந்தவர். நம் சட்டப்படி இயற்றியவர் காலத்துக்குப் பின் 60 வருஷம் வரைதான் உரிமை. அந்தக் கீர்த்தனை எப்போதோ எல்லாருடைய சொத்தாகிவிட்டது. அந்த நிறுவனத்தின் தட்டில் உள்ள வாசிப்புக்குத்தான் உரிமை உண்டே தவிர, கீர்த்தனைக்கு இல்லை. ஒரே கீர்த்தனையை ஒரே சுருதியில் வாசித்தால் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றாகப் படுகிறது. இதை ஆட்சேபித்து எழுதலாம் என்பதே பல கலைஞர்களுக்குத் தெரியாது. அவர் எழுதினார், கோரிக்கை நீங்கியது. இப்போது மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுக்கிறார்.

ஆல்பத்தின் அட்டைக்கான எழுத்தை அக்கா மகன் லேப்டாப்பில் எனக்குக் காட்டினார். நாகஸ்வரம் வாசித்தவர் பெயருக்குக் கீழே தவில் இருவர், ஒத்து, தாளம். அதற்கும் கீழே, அதே அளவு எழுத்தில், நாயனம் கடைந்தவர் பெயர், சீவாளி கட்டியவர் பெயர். வித்வான் சொல்லிச் செய்தது. கல்யாண மண்டபங்களில் ஓடுகிற ‘மங்கள இசை’யை யார் வாசித்தது என்று நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பென் டிரைவில் இருக்கிறது, பெயர் தெரியாது என்பதுதான் பதில். ஒரு வாத்தியத்தைப் பெயர் இல்லாமல் கேட்கப் பழகிவிட்டால், அதை வாசிக்க ஆள் இல்லாமல் போவதும் நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெயர்ப் பட்டியல் அதற்குத்தான் பதில் சொல்கிறது.

ஆல்பத்தால் இவர்கள் பிழைக்கப் போவதில்லை. அதை அவர்களே சொல்கிறார்கள். பிழைப்பு இன்னமும் நம் வீட்டு விசேஷங்களில்தான் இருக்கிறது. ஆகவே விசேஷம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மேளத்துக்குப் பேசி அட்வான்ஸ் கொடுக்கும்போது எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்களுக்குப் பிடித்த ராகத்தை வாசியுங்கள் என்று சொல்லுங்கள். பத்திரிகையில் அவர்கள் பெயரைப் போடுங்கள். அந்த நேரத்தில் லைட் மியூசிக்காரர் மைக் டெஸ்ட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணிக்குத் தனியாகப் பணம் கேட்க அவர்களுக்கு வாய் வராது. நீங்களாகக் கணக்குப் போட்டுச் சேர்த்துக் கொடுங்கள்.